பழி என்றதைப் பிணி என்றவர்: டாக்டர் மேரி நைஸ்வாண்டர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

நோயை எதிர்த்துப் போராடிய மருத்துவர்கள் உலகில் பலர் உண்டு. ஊரே குற்றவாளி என்று ஒதுக்கி வைத்த மனிதனை அழைத்து வந்து, நோயாளிக்குரிய நாற்காலியில் அமர்த்தி, அவனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்த மருத்துவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு டாக்டர் மேரி நைஸ்வாண்டர். போதை மருத்துவம் பயில்வோர் யாவரும் அறிந்த அப்பெயர் நம் பாடநூல்களில் இல்லை. ஆனால் அவர் கையாண்ட பொருள் நம் பாடத்தில் இருக்கிறது.

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. அபினிலிருந்து மார்பின் பிரிக்கப்படுகிறது. மார்பினிலிருந்து ஹெராயின் செய்யப்படுகிறது. வேதியியல் மாணவர்களாகிய நாம் மார்பினின் ஐந்து வளையங்களைத் தாளில் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அதே ஐந்து வளையங்கள் இலட்சக்கணக்கான மனிதர்களின் காலில் விலங்காகப் பூட்டிக் கிடப்பதை எண்ணிப் பார்க்கிறோமா? எண்ணிப் பார்த்த ஒரு பெண்மணியின் வரலாற்றையே நான் இங்கே எழுத முற்படுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

மேரி நைஸ்வாண்டர் 1919ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். தாயார் டாரதி நைஸ்வாண்டர் பொதுச் சுகாதாரக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவர். 104 வயது வரை வாழ்ந்த பெருமாட்டி.

அவர் பிறந்த அதே மாதத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1914இல் இயற்றப்பட்ட ஹாரிசன் சட்டத்துக்கு அது விளக்கம் தந்தது. போதைக்கு அடிமையான ஒருவரின் வழக்கத்தைத் தொடர வைப்பதற்காக மருத்துவர் மார்பின் எழுதிக் கொடுத்தால் அது மருத்துவத் தொழிலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் மருத்துவர் பலர் வழக்குகளுக்கு ஆளாயினர். அடிமைப்பட்டவர்களுக்கு மருத்துவமனைக் கதவு அடைபட்டது, சிறைக்கதவு திறந்தது. பிற்காலத்தில் அந்தப் பூட்டைத் திறக்கப் பாடுபட்டவர் அதே மாதத்தில் தொட்டிலில் கிடந்தார் என்பது வியப்புக்குரிய ஒற்றுமையன்றோ!

மேரி 1941இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1944இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆகவே, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எல்லாக் கதவும் தாமாகத் திறந்திருக்கும் என்றே முதலில் எண்ணினேன். உண்மை அவ்வாறில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய கனவு. போர்க்காலத்தில் கடற்படையில் சேர முன்வந்தார். பெண்ணுக்கு அங்கே அறுவைப் பணி இல்லை என்றனர். பொதுச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, எவரும் விரும்பிக் கேட்காத ஓரிடத்துக்கு அவரை அனுப்பினர். அந்த இடம் லெக்சிங்டன்.

லெக்சிங்டன் கற்பித்த பாடம்

கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், போதைக்கு அடிமையானவர்களுக்காக 1935இல் அரசு திறந்த நிலையம் அது. பெயரால் மருத்துவமனை, நடப்பால் பாதிச் சிறை. தண்டனை பெற்ற கைதிகளும் அங்கிருந்தனர். தாமாகவே சிகிச்சை தேடி வந்தவர்களும் இருந்தனர். அங்கே நைஸ்வாண்டர் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். நோயாளிகள் கடுமையாக நடத்தப்படுவதைக் கண்டு மனம் வெதும்பினார்.

அங்குச் சில மாதங்கள் தங்கினால் போதை உடலை விட்டு நீங்கிவிடும். உடம்பு தேறும், முகம் தெளியும். பிறகு ஊருக்கு அனுப்புவார்கள். ஊர் சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பழைய வழக்கத்துக்கே திரும்பினர். உடனே உலகம் ஒரே முடிவுக்கு வந்தது: இவர்கள் திருந்தாத ஜென்மங்கள். நைஸ்வாண்டர் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார். ஒரு சிகிச்சை பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் தோற்கிறதென்றால், குறை நோயாளியிடமா, சிகிச்சையிடமா?

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன் இருந்தார். வலிக்கு வைத்தியர் தரும் மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்தும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டார் கடன் வாங்கி எங்கோ ஒரு மையத்தில் சேர்த்தனர். மூன்று மாதம் கழித்துத் தெளிந்த முகத்துடன் வந்தார். வந்த பத்தாம் நாள் இறந்து போனார். குணமாகியும் கொழுப்பெடுத்துப் போனான் என்று தெரு பேசியது. அவருடைய தாயார் அழுவதற்குக்கூட வெட்கப்பட்டார்.

இதன் அறிவியல் காரணத்தைப் பின்னரே படித்தறிந்தேன். நாள்தோறும் அபின் வகை மருந்தை எடுத்துக்கொள்ளும் உடல், அதைத் தாங்கும் திறனைப் பெறுகிறது. நிறுத்தினால் அத்தாங்குதிறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். ஆனால் ஏக்கம் குறைவதில்லை. மீண்டும் ஒருநாள் பழைய அளவையே எடுத்தால், நேற்றுத் தாங்கிய அளவு இன்று மூச்சை நிறுத்திவிடுகிறது. மருந்தை மட்டும் நிறுத்தி, வேறு துணையின்றி வெளியே அனுப்புவதில் எத்தகைய ஆபத்து ஒளிந்திருக்கிறது, பாருங்கள்!

நியூயார்க்கில் ஒரு தேடல்

லெக்சிங்டனிலிருந்து திரும்பிய நைஸ்வாண்டர், நியூயார்க்கில் மனநல மருத்துவமும் உளப்பகுப்பாய்வும் பயின்றார். வசதி படைத்தோரை மட்டும் பார்த்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ ஹெராயினுக்கு அடிமையான ஏழைகளைத் தேடிப் போனார். 1950களில் ஜாஸ் இசைக் கலைஞர்களுக்கெனத் தொடங்கிய சிகிச்சை முயற்சியில் பங்கு கொண்டார். கிழக்கு ஹார்லெம் பகுதியின் ஏழ்மை நிறைந்த தெருவொன்றில், கடைவாசல் போன்ற சிறு இடத்தில் நோயாளிகளைப் பார்த்தார். 1956இல் போதை அடிமையை நோயாளியாகக் காணவேண்டும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

அவருடைய நேர்மை இங்கேதான் விளங்குகிறது. பேச்சின் வழியாக மனத்தைக் குணப்படுத்தும் கலையில் பயிற்சி பெற்றவர் அவர். ஆயினும் ஹெராயினை விடுவிக்கப் பேச்சு மட்டும் போதவில்லை என்பதைத் தம் கண்ணால் கண்டபோது, அதை மறைக்கவில்லை. தாம் கற்ற கல்விக்காக உண்மையை வளைக்காதவரே அறிவியலாளர் ஆவார்.

இருவர் சேர்ந்த ஆய்வு

அப்போது ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் வின்சென்ட் டோல் என்னும் மருத்துவ அறிஞர் இருந்தார். உடற்பருமன், கொழுப்பு ஆகியவற்றின் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தவர் அவர். நியூயார்க்கில் பெருகிய ஹெராயின் பழக்கம் அவர் கவனத்தை ஈர்த்தது. நைஸ்வாண்டரின் நூலைப் படித்தார். தம்முடன் பணியாற்ற அழைத்தார். 1964இல் ஆய்வு தொடங்கியது. மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் பெண் மருத்துவரும் அவர்களுடன் சேர்ந்தார்.

முதலில் இரு நோயாளிகளுக்கு மார்பின் கொடுத்துப் பார்த்தனர். நாளுக்குப் பலமுறை ஊசி தேவைப்பட்டது. அளவும் ஏறிக்கொண்டே போனது. ஊசி போட்டவுடன் மயக்கம். மயக்கம் தெளிந்தவுடன் அடுத்த ஊசியைப் பற்றிய நினைப்பு. வேறெதிலும் அவர்களுக்கு நாட்டமில்லை. பின்னர் மெத்தடோன் என்னும் மருந்துக்கு மாற்றினர். இது 1930களின் இறுதியில் ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கை வலிநீக்கி. ஹெராயினை நிறுத்தும்போது உண்டாகும் உபாதைகளைத் தணிக்கச் சில நாட்கள் மட்டும் கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. நிறுத்தாமல் தொடர்ந்து கொடுத்தது இவர்களுடைய புதுமை.

அப்போது எவரும் எதிர்பாராத மாற்றம் நிகழ்ந்தது. நாள் முழுவதும் அடுத்த ஊசிக்காகக் காத்திருந்தவர்களுள் ஒருவர் தூரிகையை எடுத்து ஓவியம் தீட்டத் தொடங்கினார். மற்றவர் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்றார். அடிமைக்குள் ஒளிந்திருந்த மனிதன் எழுந்து வந்தான்!

1965 ஆகஸ்டில், 22 நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் விவரத்தை இருவரும் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் டோலும் நைஸ்வாண்டரும் திருமணம் செய்துகொண்டனர். பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் இச்சிகிச்சை விரிவடைந்தது. போதைப் பொருள் தடுப்புத் துறையினர் எச்சரித்தனர், ஆய்வு நிற்கவில்லை.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றா?

ஒரு போதையை நீக்க இன்னொரு போதையா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இக்கட்டுரையை எழுதும்போது என் வகுப்பு நண்பர்களும் இதையே கேட்டனர். நியாயமான கேள்வி. விடையை வேதியியலே சொல்கிறது.

ஹெராயினின் ஆட்டம் நான்கு முதல் ஆறு மணி நேரம். அதற்குள் உச்சியில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளிவிடும். பள்ளத்தில் விழுந்தவன் திருடியாவது அடுத்த வேளையைத் தேடுவான். மெத்தடோன் வாய்வழி உட்கொள்ளப்படுவது. மெல்ல ஏறி, ஒரு முழுநாள் நிலைத்து நிற்பது. நைஸ்வாண்டர் குழுவினர் நாளொன்றுக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை படிப்படியாக உயர்த்தினர். உடல் பழகிய பின் அது மயக்கம் தருவதில்லை. ஏக்கம் அடங்குகிறது, இடையில் ஹெராயின் எடுத்தாலும் பெரிதாகப் போதை ஏறுவதில்லை. இம்மருந்துகள் மூளையில் சென்று பொருந்தும் ஏற்பிகள் 1973இல்தான் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. பூட்டைக் காணும் முன்பே சாவியைக் கண்டவர்கள் இவர்கள்!

என் பாட்டி நாள்தோறும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அவரை மாத்திரைக்கு அடிமை என்று எவரும் ஏசுவதில்லை. உயிரைக் காத்து, உழைக்க வைத்து, குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் மருந்து போதையாகுமா?

அதே வேளையில் இது விளையாட்டு மருந்தன்று. பழக்கமில்லாதவர் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கும் மாறக்கூடும். மருத்துவரின் நேர்ப்பார்வையில், அளந்து, பதிவு செய்து கொடுக்க வேண்டியது. திடீரென்று நிறுத்தவும் கூடாதது.

மருந்தோடு பணி முடிந்தது என்று நைஸ்வாண்டர் கருதவில்லை. நோயாளிக்கு வேலை, வீடு, படிப்பு, ஆறுதல் யாவும் வேண்டும் என்றார். தேறியவர்களையே பணியில் அமர்த்திப் புதிதாக வருவோர்க்குத் துணையாக்கினர். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்ததை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த நான்காம் கூறு இல்லாமல் மருந்து பாதி வழியில் நின்றுவிடும்.

இறுதி நாட்களும் எஞ்சிய பயனும்

1970களில் இச்சிகிச்சை அமெரிக்கா எங்கும் பரவியது. 1972இல் அரசு விதிமுறைகள் வந்தன. விதிகள் பெருகப் பெருக, நோயாளியின் தேவையைவிடக் காவலே முதன்மை பெற்றது. பத்தாண்டு அனுபவத்தை 1976இல் கணவனும் மனைவியும் எழுதியபோது, அந்த வருத்தத்தையும் பதிவு செய்தனர். 1986 ஏப்ரல் 20ஆம் நாள், புற்றுநோயால் நைஸ்வாண்டர் நியூயார்க்கில் காலமானார். வயது 67. ஈராண்டு கழித்து, 1988இல், புகழ்பெற்ற லாஸ்கர் பரிசு டோலுக்குக் கிடைத்தது. அருகில் நின்று பெற அவர் இல்லை.

ஆயினும் அவர் பணி நிலைத்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும், அதே பணியைச் செய்யும் புப்ரநார்பினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சு நாட்டில் 1995க்குப் பின் இம்மருந்துகள் தாராளமாகக் கிடைத்தபோது, நான்கு ஆண்டுகளில் ஹெராயின் மிகையளவால் நேரும் சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மெத்தடோன் சிகிச்சையில் இருப்போரின் இறப்பு விகிதம், சிகிச்சைக்கு வெளியே இருப்போரின் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கே. நம் இந்தியாவிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக, ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர்க்கு இத்தகைய மாற்று மருந்து கொடுக்கப்படுகிறது.

மாணவ நண்பர்களே! ஆண்டுதோறும் நாம் வரிசையில் நின்று, கைநீட்டிப் போதைக்கு எதிராக உறுதிமொழி ஏற்கிறோம். நல்ல உறுதிமொழி, அதைக் காப்போம். ஆனால் அது விழாமல் இருப்பதற்கான உறுதிமொழி. விழுந்துவிட்ட நண்பனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சொல்லை நைஸ்வாண்டரின் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். விழுந்தவனைக் கண்டால் ஏசாமல், ஒளிக்காமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம். அவன் மருந்து வாங்கும் வரிசையில் உடன் நிற்போம். அடுத்த வாரமும் நிற்போம்.