இந்தியக் கால்பந்தின் தந்தை

எங்கள் தேவிபட்டினம் கடற்கரையில் மாலை நேரத்தில் நின்றால் ஓர் அழகிய காட்சியைக் காணலாம். நவபாஷாணத்தைத் தரிசித்துத் திரும்பும் யாத்திரிகர்கள் ஒருபுறம். வலையைச் சீர்செய்யும் மீனவர்கள் மறுபுறம். நடுவே, மணலில் பந்தை உதைத்து ஓடும் சிறுவர்கள். அவர்கள் காலில் செருப்புக்கூட இராது. நட்டு வைத்த இரண்டு குச்சிகளே கோல் கம்பங்கள். இந்த ஆட்டத்தை நம் நாட்டுச் சிறுவர்களுக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் யார் என்று நான் ஒருநாள் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சொன்ன பெயர் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி. பெயரைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. நம் காதில் அது சர்வாதிகாரி என்றல்லவா விழுகிறது! ஆனால் அவர் வாழ்க்கையை அறிந்தபின், சர்வாதிகாரத்துக்கு நேர் எதிரான உள்ளம் அவருடையது என்று கண்டேன். அன்புத் தோழியரே, அதையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறப்பும் இளமையும்

நாகேந்திர பிரசாத் 1869-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் சூரிய குமார் சர்பாதிகாரி, கல்கத்தாவில் பெரும்புகழ் பெற்ற மருத்துவர். கல்வியும் செல்வமும் நிறைந்த குடும்பம் அது.

1877-ஆம் ஆண்டு, நாகேந்திரருக்கு எட்டு வயது. தாயாருடன் குதிரை வண்டியில் கங்கையில் நீராடச் சென்றாராம். வழியில் மைதானத்தில் வெள்ளையர் சிலர் பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தனர். சிறுவனின் கால்கள் வண்டியில் நிற்கவில்லை. இறங்கி ஓடிப்போய் வேடிக்கை பார்த்தான். பந்து உருண்டு அவனருகே வந்தது. ஒரு வெள்ளையர் அதை உதைத்து அனுப்பச் சொல்ல, அவனும் தன் சின்னஞ்சிறு காலால் உதைத்தான். அந்த ஓர் உதையோடு இந்தியக் கால்பந்து பிறந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்வர்.

மறுநாள் ஹேர் பள்ளி மாணவர்களிடம் அவர் இந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் காசு சேர்த்து ஐரோப்பியர் கடை ஒன்றில் பந்து வாங்கினர். மைதானத்தில் ஆரவாரத்தோடு ஆடத் தொடங்கினர். அருகிலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு வந்தார். பிள்ளைகள் வாங்கியிருந்தது கால்பந்து அன்று, முட்டை வடிவிலான ரக்பி பந்து! அவர் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. சரியான பந்தைக் கொண்டு ஆடும் முறையை அவர்களுக்குக் கற்றுத் தந்தார். நல்லாசிரியர் ஒருவர் தக்க தருணத்தில் அமைவது எத்தகைய பேறு!

கலைந்த கழகம்

நாகேந்திரர் வளர வளர அவர் அமைத்த குழுக்களும் வளர்ந்தன. முதலில் பாய்ஸ் கிளப் என்ற சிறுவர் கழகம். பின்னர் வெலிங்டன் கழகம். கால்பந்துடன் கிரிக்கெட்டும் மற்ற ஆட்டங்களும் அங்கே நடந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்குடியினரும் விரும்பிச் சேர்ந்தனர்.

அப்போதுதான் சோதனை வந்தது. மணி தாஸ் என்னும் இளைஞரைக் கழகத்தில் சேர்க்க நாகேந்திரர் விரும்பினார். மணி தாஸ் நன்றாக ஆடுபவர். ஆனால் குயவர் மகன். மண்பாண்டம் செய்பவர் மகனோடு சமமாக நின்று ஆடமாட்டோம் என்று உறுப்பினர் பலர் மறுத்தனர். நாகேந்திரர் எவ்வளவோ எடுத்துக் கூறினார். அவர்கள் இணங்கவில்லை.

தலைவராகிய அவர் என்ன செய்திருக்கலாம்? பெரும்பான்மையோர் விருப்பம் என்று சொல்லி மணி தாஸைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ, தாம் அரும்பாடுபட்டு வளர்த்த கழகத்தையே கலைத்துவிட்டார். சாதி பார்த்து ஆள் சேர்க்கும் கழகம் தமக்கு வேண்டாம் என்பதே அவர் முடிவு.

பிறகு 1887-இல் சோவாபஜார் கழகம் தோன்றியது. அதன் முதல் உறுப்பினராகப் பதிவு செய்யப்பட்டவர் யார் தெரியுமா? அதே மணி தாஸ்தான்!

கோப்பையும் கேடயமும்

அக்காலத்தில் கால்பந்துப் போட்டிகள் வெள்ளையரின் சொத்தாகவே இருந்தன. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டியூராண்டு கோப்பை ஆங்கிலப் படைவீரருக்காக ஏற்பட்டது. 1889-இல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பை தொடங்கியது. இதில் நாகேந்திரரின் சோவாபஜார் கழகம் துணிந்து இறங்கியது. 1892-ஆம் ஆண்டு, ஈஸ்ட் சர்ரே என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. நம்மை ஆள்பவரை ஆட்டக்களத்தில் வெல்ல முடியும் என்று மக்கள் அன்று கண்டுகொண்டனர்.

அடுத்த ஆண்டே, 1893-இல், ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டில் கலந்துகொண்ட ஒரே இந்திய அணி சோவாபஜார்தான். பின்னர் பதினெட்டு ஆண்டுகள் கேடயம் வெள்ளையர் அணிகளிடமே இருந்தது. 1911 ஜூலை 29-ஆம் நாள், 1889-இல் பிறந்த மோகன் பகான் கழகம் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று அக்கேடயத்தைக் கைப்பற்றியது. சிப்தாஸ் பாதுரி, அபிலாஷ் கோஷ் ஆகிய இருவரும் கோல் அடித்தனர். பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். பூட்ஸ் அணிந்து ஆடியவர் சுதீர் சாட்டர்ஜி என்னும் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரே. அந்த வெற்றியில் நாகேந்திரர் ஆடவில்லை. ஆனால் அதற்கான பாதையை முதலில் வெட்டியவர் அவரே அல்லவா?

கடல் கடந்து ஓர் ஒற்றுமை

ஏறத்தாழ அதே காலத்தில் அயர்லாந்திலும் இதுபோன்ற முயற்சி நடந்தது. அங்கு உழைப்பாளரும் கைத்தொழிலாளரும் பந்தயங்களில் சேர்க்கப்படாதிருந்தனர். இதைக் கண்டு வருந்திய மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியர் 1884-இல் நண்பர்களுடன் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை அமைத்தார். காஷெல் பேராயர் குரோக் அதன் புரவலரானார். 1887-இல் தொடங்கிய அகில அயர்லாந்துப் போட்டியில், ஒவ்வொரு மாவட்டத்திலும் வென்ற ஊர்க் கழகமே அம்மாவட்டத்தின் சார்பாக ஆடியது. அவர்கள் தம் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தை வளர்த்தனர். நம்மவர் அந்நியரின் ஆட்டத்தையே கற்று அவரை வென்றனர். வழி வேறு; ஆனால் களத்தின் கதவு எளியவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே.

முடிவுரை

நாகேந்திர பிரசாத் 1940 ஜனவரி 17-ஆம் நாள் மறைந்தார். நாடு விடுதலை பெற்றதைக் காண அவர் இல்லை. ஆயினும் இந்தியக் கால்பந்தின் தந்தை என்ற புகழ் நிலைத்துவிட்டது.

இக்கட்டுரையை எழுதும்போது என் மனம் என்னையே உறுத்தியது. சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் சிலர் சேர்ந்து எறிபந்து ஆடினோம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நாள்தோறும் வந்து ஓரமாக நிற்பாள். அவளைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் முணுமுணுத்தனர். காரணம் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் எவருக்கும் துணிவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சில நாட்களில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

நாகேந்திரரின் வரலாற்றைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பொங்கல் விடுமுறையில் நானே அவள் வீட்டுக்குச் சென்று அழைத்தேன். தயங்கினாள், பிறகு வந்தாள். அன்றிலிருந்து எங்களில் இருவர் ஆட வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் ஒரு கழகத்தையே இழக்கத் துணிந்தவரை நினைக்கும்போது, இது எவ்வளவு சிறிய இழப்பு!

தோழியரே, இரண்டு பேர் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடாது. நாங்கள் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறோம். வர விரும்புவோர் யாராயினும் வரலாம். போனவர் இருவருக்கும் இடம் அப்படியே இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி, தேவிபட்டினம்