பாறைத் தீவில் ஒதுங்கிய வெனிஸ் பிரபு

துரொண்ட்ஹெய்ம் வாழ் தமிழராகிய நாம் நிடரோஸ் பேராலயத்தைக் கடந்தே வேலைக்கும் பாடசாலைக்கும் சென்று வருகின்றோம். 1432 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள், இயேசு விண்ணேற்றத் திருநாளன்று, இந்நகரை வந்தடைந்தார் பியெத்ரோ குவெரினி என்னும் வெனிஸ் பிரபு. கப்பலையும் சரக்கையும் தோழர்களிற் பெரும்பாலோரையும் கடலுக்குக் கொடுத்து, அந்நியர் தயவால் உயிர் தப்பியவர் அவர்.

1431 ஏப்ரல் 25 இல் கிரீட் தீவின் கண்டியாத் துறைமுகத்திலிருந்து (எமது கண்டியன்று) அவர் புறப்பட்டார். கப்பலில் 68 பேர். 800 பீப்பா திராட்சை மது, வாசனைத் திரவியங்கள், பஞ்சு. செல்லுமிடம் பிளாந்தர்ஸ். ஸ்பெயினின் வடமேற்கு முனைக்கு அப்பால் புயலில் சுக்கான் உடைந்தது. காற்று கப்பலை வடக்கே தள்ளிற்று. டிசம்பர் 17 இல் கப்பலைக் கைவிட்டு இரு படகுகளில் ஏறினர். சிறிய படகில் ஏறிய 21 பேரைப் பின்னர் எவரும் கண்டிலர். பெரிய படகில் 47 பேர். குடிநீர் தீர்ந்தது, நாள்தோறும் பிணங்களைக் கடலில் இட்டனர்.

ஜனவரியில், லொபோத்தன் தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள ரொஸ்த் அருகே, ஆளற்ற சண்டோயாத் தீவில் கரையேறியபோது 16 பேரே எஞ்சியிருந்தனர். பனியை உருக்கிக் குடித்தும், பாறையில் ஒட்டிய சிப்பிகளைத் தின்றும் வாழ்ந்தனர். அருகிலேயே மக்கள் வாழும் தீவு உண்டென்பதை அவர்கள் அறியார். புகையைக் கண்டு அங்கு வந்தவர்கள் ஒரு மீனவரும் அவர்தம் மைந்தர் இருவரும். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்கவில்லை. பெப்ரவரித் தொடக்கத்தில் ஊரார் படகுகளுடன் வந்து மீட்டபோது உயிரோடிருந்தோர் 11 பேர்.

ரொஸ்தில் அன்று வாழ்ந்தோர் ஏறத்தாழ 120 பேர். அச்சிற்றூர் மூன்றரை மாத காலம் இவர்களுக்கு உணவும் உறையுளும் அளித்தது. லத்தீன் அறிந்த ஜெர்மானியக் குரு ஒருவர் அங்கிருந்ததால் பேச்சுக்கு வழி பிறந்தது. பூட்டற்ற வீடுகளையும், அந்நியரை ஐயுறாது குடும்பத்தோடு ஒரே அறையில் உறங்கவிட்ட நம்பிக்கையையும் குவெரினி வியந்து எழுதி வைத்தார். உப்பிடாது, காற்றிலும் வெயிலிலும் மரக்கட்டை போல் உலரும் மீனைப் பற்றியும் விரிவாகவே எழுதினார். அடித்து மென்மையாக்கி, வெண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்த்து உண்பராம். வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் கைவிறைக்க நின்ற எம்மவர்க்கு அந்த மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மே நடுப்பகுதியில் விடைபெற்றபோது 60 உலர்மீன்களை வழித்துணையாகக் கொடுத்தனுப்பினர். அரசருக்கும் ஜெர்மானிய வணிக நகரங்களுக்கும் போர் நிகழ்ந்தமையால் கடல்வழி உகந்ததன்று எனத் துரொண்ட்ஹெய்மில் அறிவுறுத்தப்பட்டு, சுவீடனுக்குத் தரைவழியே சென்றனர். அங்கு வெனிஸ்காரரான சுவான் பிராங்கோ அவர்களை வரவேற்றார். இத்தாலியருக்கு உலர்மீனை அறிமுகப்படுத்தியவர் குவெரினியே என்று விசென்சா வட்டாரத்தார் உறுதியாகக் கூறுவர். நாம் அவ்வழக்கில் தலையிடோம். அவ்வட்டாரத்துச் சண்ட்ரிகோ நகரம் ஆண்டுதோறும் அம்மீனுக்கு விழா எடுக்கின்றது.

ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்த 1932 இல், அவர்கள் கரையேறிய சண்டோயாவில் நினைவுக்கல் நாட்டப்பட்டது.