தலை சீவியதால் தவறிய ஜமாஅத்து

செல்வத்தோடு செல்லமும் சேர்ந்துவிட்டால், எல்லாரும் தனக்காகக் காத்திருக்க வேண்டுமெனப் பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும். மிஸ்ரு தேசத்தின் கவர்னர் அப்துல் அஜீஸ் பின் மர்வான் அவர்களின் மகனார் உமர் (ரஹ்) மதீனாவில் ஓதிய நாட்களில், அவர்களுக்குத் தலை சீவிவிடவும் ஒரு பணிப்பெண் இருந்தாள். ஒருநாள் ஜமாஅத்துக்குப் பிந்திவிட்டார்கள். உஸ்தாது ஸாலிஹ் பின் கைஸான் (ரஹ்) காரணம் கேட்க, தலை சீவி முடியவில்லை என்றார்கள். உஸ்தாது தகப்பனாருக்கு எழுதிவிட்டார்கள்.

பிள்ளையைக் கண்டித்த உஸ்தாதிடமே சண்டைக்குப் போகும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். கவர்னரோ ஓர் ஆளை அனுப்பினார்கள். வந்தவர் மகனாரின் தலையை மழித்த பிறகே பேசினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

பிறகும் நறுமணமும் உயர்ந்த உடையும் அவர்களை விடவில்லை. இதை நாம் மறைப்பதற்கில்லை. ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கலீஃபாவானதும் அவற்றை விட்டார்கள். மனைவி ஃபாத்திமா அவர்களுக்குத் தந்தை அப்துல் மலிக் கொடுத்திருந்த நகைகளும் பைத்துல்மாலுக்குப் போய்ச் சேர்ந்தன.