முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 – சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி மற்றும் பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆவார். பெண்களின் அறிவாற்றல் உயர்கல்விக்குப் போதாது என்ற கருத்து வலுவாக இருந்த காலத்தில் மருத்துவம் பயின்று சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். வீட்டில் இருந்தே படித்து மெட்ரிக்குலேசன் தேர்வில் வெற்றி பெற்ற முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் அவரால் அங்கு படிக்க முடிந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் தங்கப் பதக்கங்களுடன் பட்டம் பெற்றார்.

அக்காலக் கருத்துகள்

பெண்ணின் மூளை ஆணின் மூளையை விடச் சராசரியாக எடை குறைந்தது என்பதைக் கொண்டு, அறிவும் குறைவு என 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் சிலர் முடிவு செய்தனர். உடல் அளவில் உள்ள வேறுபாட்டை அவர்கள் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. கடுமையான படிப்பு பெண்ணின் கருவுறும் திறனைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருத்துவர் எட்வர்டு கிளார்க் 1873இல் எழுதினார். முத்துலட்சுமி பட்டம் பெற்ற இரண்டு ஆண்டுகளில், 1914இல், உளவியலாளர் லீட்டா ஆலிங்வொர்த் சோதனைகள் மூலம் மாதவிடாய் நாட்களில் பெண்களின் மனத்திறன் குறைவதில்லை எனக் காட்டினார்.

பொதுவாழ்க்கை

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளில் தலையிடக் கூடாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1926இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பின்னர் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் மேற்கொண்ட முயற்சி 1947இல் முழுமையான சட்டமாக நிறைவேறியது. காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். அதே ஆண்டில் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார்.

கல்வி பற்றி ஆராய்ந்த ஆர்ட்டாக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1929இல் வெளியான அதன் அறிக்கை, கல்வி விரிவாக்கத் திட்டங்களில் பெண் கல்விக்கு முன்னுரிமை அளிக்கப் பரிந்துரைத்தது. 1901 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. 

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்ததே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாயிற்று. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. 1956இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

இன்றைய ஆய்வு நிலை

ஒருவரின் வெற்றி, இரு பாலரின் சராசரித் திறன் பற்றிய கேள்விக்கு விடையாகாது. அதற்குப் பெரும் எண்ணிக்கையிலான சோதனைகள் தேவை. அவ்வாறு செய்யப்பட்ட ஆய்வுகளில் பொது அறிவுத்திறனின் சராசரியில் இரு பாலருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உருவங்களை மனதில் சுழற்றிப் பார்ப்பதில் ஆண்களும், சொல் சார்ந்த நினைவாற்றலில் பெண்களும் சராசரியாக முன்னிற்கின்றனர். எனினும் இரு பாலரின் மதிப்பெண்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே பாலினத்தைக் கொண்டு தனி ஒருவரின் திறனைக் கணிக்க இயலாது. 

நினைவு

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியின் கிராமங்களிலும் ஏழைக் கருவுற்ற பெண்களுக்கு அத்திட்டத்தின் வழியாகவே அவர் பெயர் அறிமுகமாகிறது.