கேள்வி வாசித்த ஆலன் லட்டன்



வர்ற வெள்ளிக்கிழமை நம்ம பள்ளியில் அணிகளுக்கு இடையே வினாடி வினா நடக்கப் போவது எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் வரை பச்சை அணியில் உட்கார்ந்து மணி அடித்தவன் நான். இந்த வருஷம் சார் என்னைக் கேள்வி வாசிக்கச் சொல்லிவிட்டார். எனக்கு ரொம்ப வருத்தம். கேள்வி வாசிக்கிறவனுக்குக் கோப்பையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. என் முகம் தொங்கிப் போனதைப் பார்த்த நூலக டீச்சர், கேள்வி வாசித்தே பெயர் வாங்கிய ஒருத்தர் அமெரிக்காவில் இருந்தார், தேடிப் படின்னு சொன்னாங்க. அப்படித்தான் ஆலன் லட்டனைத் தெரிந்துகொண்டேன். இதற்கு நடுவில் ஒரு சங்கடமும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆலன் 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் மினரல் பாயிண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா ஐஸ் வியாபாரி. அப்போது உலகம் முழுக்க ஒரு விஷக் காய்ச்சல் பரவியது. நாம பார்த்த கொரோனா மாதிரிதான். அதில் அப்பா இறந்துபோனார். அப்போது ஆலன் கைக்குழந்தை. அம்மா மறுமணம் செய்துகொண்டார். லட்டன் என்பது அந்த இரண்டாவது அப்பாவின் பெயர். பிறகு குடும்பம் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய்விட்டது. அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, 1941-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தார். பசிபிக் தீவுகளில் இருந்த வீரர்களுக்காக நாடகம், கலை நிகழ்ச்சி நடத்துவதுதான் அவர் வேலை. அதற்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் கிடைத்தது. போர் முடிந்த பிறகு வானொலிக்கு வந்தார். நம்ம வயசுப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார்.

அதே போர்க்காலத்தில் வீரர்களின் பொழுதுபோக்குக்காக ஒரு கேள்வி பதில் விளையாட்டு நடந்தது. டான் ரீட் என்பவர் அதைக் கல்லூரி மாணவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். அதுதான் 'காலேஜ் பவுல்'. 1953 அக்டோபர் 10-இல் வானொலியில் முதல் போட்டி நடந்தது. கேள்வி வாசித்தவர் நம்ம லட்டன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் கொலம்பியாவை 135-க்கு 60 என்று தோற்கடித்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னன்னா, இரண்டு அணியும் அவங்கவங்க கல்லூரியிலேயே இருந்தாங்க. லட்டன் நியூயார்க்கில் இருந்தார். மூன்று இடத்தையும் கம்பி வழியாக இணைத்து ஒலிபரப்பினார்கள். முகத்தைப் பார்க்காமலேயே போட்டி! நம்ம பள்ளி மைக்கோ, பிரேயர் ஹாலைத் தாண்டினால் கேட்காது.

ஒரு அணிக்கு 4 பேர். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசக் கூடாது. சரியாகச் சொன்னால் 10 மதிப்பெண். கூடவே அந்த அணிக்கு மட்டும் ஒரு போனஸ் கேள்வி. அதற்கு 4 பேரும் கூடிப் பேசலாம். கேள்வி முடிவதற்குள் அவசரப்பட்டு அடித்துத் தப்பாகச் சொன்னால் 5 மதிப்பெண் போச்சு. (போன வருஷம் இந்த விதி இருந்திருந்தால் பச்சை அணியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று என் அணிக்காரர்கள் நினைவுபடுத்த வேண்டாம்.)

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய பணம் தரும் வினாடி வினாக்கள் நிறைய வந்தன. 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் 1,29,000 டாலர் ஜெயித்தார். நாடே அவரைக் கொண்டாடியது. கடைசியில் பார்த்தால், நடத்தியவர்களே அவருக்குக் கேள்வியையும் பதிலையும் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். 1958 அக்டோபரில் அந்த நிகழ்ச்சியை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவர் நாடாளுமன்றக் குழு முன்னால் நின்று உண்மையை ஒத்துக்கொண்டார். வேலையும் போனது. 1960-இல் இப்படி ஏமாற்றுவது குற்றம் என்று சட்டமே போட்டார்கள்.

வினாடி வினா என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த அந்த நேரத்தில், 1959 ஜனவரி 4-ஆம் தேதி, லட்டன் 'காலேஜ் பவுல்' நிகழ்ச்சியோடு தொலைக்காட்சிக்கு வந்தார். எனக்கா இருந்தால் கை நடுங்கியிருக்கும். ஜெயித்த கல்லூரிக்கு 1,500 டாலர் உதவித்தொகை, தோற்றவர்களுக்கு 500. பணம் மாணவர்கள் கைக்குப் போகாது, படிப்புக்குத்தான். ஜனங்கள் நம்பினார்கள். 1960-ஆம் ஆண்டுக்கான பீபடி விருதும் கிடைத்தது.

1961-இல் 'பாஸ்வேர்ட்' என்ற வார்த்தை விளையாட்டு நிகழ்ச்சி லட்டனிடம் வந்தது. அதில்தான் அவர் நாடு முழுக்கப் பிரபலமானார். அதே வருஷம் அவர் மனைவி புற்றுநோயில் இறந்துபோனார். வீட்டில் 3 பிள்ளைகள். 1962-இல் 'காலேஜ் பவுல்' பொறுப்பை ராபர்ட் ஏர்லிடம் ஒப்படைத்தார். 1963-இல் நடிகை பெட்டி ஒயிட்டை மணந்தார். 1981 ஜூன் 9-ஆம் தேதி லட்டனும் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். பெட்டி ஒயிட் பிறகு வேறு யாரையும் மணக்கவில்லை. 2021-இல், 100 வயது நிறைய 17 நாள் இருக்கும்போது இறந்தார்.

தொலைக்காட்சியில் 'காலேஜ் பவுல்' 1970-இல் நின்றது. ஆனால் 1977-இல் கல்லூரிகளுக்குள் போட்டியாகத் திரும்பி வந்தது. பள்ளி மாணவர்களுக்கு 1961-இலேயே வாஷிங்டனில் 'இட்ஸ் அகடமிக்' தொடங்கிவிட்டது. பிறகு 'குவிஸ் பவுல்' என்றே தனி அமைப்புகள் வந்தன. அதில் ஒரு கேள்வி நாலஞ்சு வரி இருக்கும். கஷ்டமான குறிப்பு முதலில், சுலபமானது கடைசியில். நல்லாத் தெரிந்தவன் முதல் வரியிலேயே அடித்துவிடுவான். வாசிக்கிறவர் எந்த வார்த்தையையும் அழுத்திக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

இப்போ அந்தச் சங்கடம். போன திங்கட்கிழமை மஞ்சள் அணியில் இருக்கிற என் நெருங்கிய நண்பன், 5 கேள்வி மட்டும் காட்டுடான்னு கேட்டான். முடியாதுன்னேன். சரி, தலைப்பாவது சொல்லுன்னான். அதுவும் சொல்லலை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவங்க நாங்க. 4 நாளா அவன் வேற பெஞ்சில் உட்காருகிறான். ராத்திரி வான் டோரன் கதையைப் படித்தபோது, அவன் பெயரை எழுதாமல் இதை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. அவனுக்குப் புரியும்.

கேள்விகள் உறையில் ஒட்டி சாரின் பீரோவில் இருக்கின்றன. எந்த வார்த்தையையும் அழுத்தாமல் வாசிக்க வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். டேய், வெள்ளிக்கிழமை அம்மா புளிசாதம் கட்டித் தர்றாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்.

இப்படிக்கு,
10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்