சிறைக்குள்ளிருந்து உரிமை கேட்ட ஏ. கே. கோபாலன்

வாளையாற்றைக் கடந்து மேற்கே செல்வோர்க்குப் பாலக்காடும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிச் செல்வோர்க்குக் குமுளியும் கேரள நாட்டின் வாயில்கள். இவ்விரு எல்லைகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் விலை பேசும். ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும். பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து காலனியில் குடியமர்ந்த நமக்கு, இவ்விரு எல்லைகளோடும் தொடர்புடைய பெரியார் ஒருவரின் வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தமாகும். ஏ. கே. ஜி. என்று மக்கள் அழைத்த ஏ. கே. கோபாலனே அவர்.

வட மலையாளத்தில் கண்ணூருக்கு அருகிலுள்ள பெரளசேரியில் 1904ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் பிறந்தார். இளமையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். காந்தியடிகள் தொடங்கிய உப்பு அறப்போர் அவரைப் பள்ளியிலிருந்து சிறைக்கு அழைத்துச் சென்றது. 1931இல் குருவாயூர்க் கோயிலை எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டுமென்று நடந்த சத்தியாக்கிரகத்தில் தொண்டர்படைத் தலைவராக நின்று அடியும் உதையும் பட்டார். 1936இல் வேலையின்மையையும் பட்டினியையும் அரசினர்க்கு எடுத்துரைக்கக் கண்ணூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே ஓர் அணியை நடத்திச் சென்றார். பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார். 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பிச் சென்று தலைமறைவாக வாழ்ந்தார்.

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் நாடெங்கும் கொடியேற்றிக் களித்தபொழுது, அவ்விடுதலைக்காக உழைத்த கோபாலன் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். சில திங்களில் வெளிவந்தவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே மீண்டும் சிறைப்பட்டார். அவர்மீது வந்த குற்றத் தீர்ப்புகளை மேல்மன்றம் தள்ளிய பின்னரும் சிறைக்கதவு திறக்கவில்லை. ஒரு காவல் ஆணை போனால் மற்றோர் ஆணை வந்தது. 1950 மார்ச்சு முதல் நாள், புதிதாக இயற்றப்பட்ட தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் ஆணையொன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. குடியரசு பிறந்து அப்பொழுது ஐந்து வாரங்களே ஆகியிருந்தன.

தடுப்புக்காவல் என்பது செய்த குற்றத்துக்குத் தண்டனையன்று. இனிச் செய்யக்கூடும் என்னும் ஐயத்தின்பேரில் விசாரணையின்றி அடைத்துவைப்பது அது. அரசினர்க்கும் அச்சம் இல்லாமலில்லை. 1948இல் கோபாலனுடைய கட்சி ஆயுதக் கிளர்ச்சிப் பாதையை மேற்கொண்டிருந்தது. அப்பாதையை நாம் ஒப்ப வேண்டுவதில்லை. ஆயினும், எல்லோர்க்கும் இனியவனுடைய உரிமையைக் காப்பது எவர்க்கும் எளிது. ஆட்சியினர் அஞ்சும் ஒருவனுடைய உரிமையைக் காக்கும்பொழுதுதான் சட்டத்தின் உரம் தெரியும்.

கோபாலன் உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவருக்காக எம். கே. நம்பியார் வழக்காடினார். அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி ஒருவருடைய உயிரையும் உடல்சார்ந்த உரிமையையும் பறிக்கலாகாது என்கிறது. சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் போதுமா, அந்நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா என்பதே வழக்கின் உயிர்நாடி. ஆறு நீதிபதிகள் கேட்ட அவ்வழக்கில் 1950 மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும், அதன் நேர்மையை 21ஆம் பிரிவின்கீழ் ஆராய இடமில்லை என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிபதி பசல் அலி மாறுபட்டார். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பார்த்தல் ஆகாது, அவை ஒன்றோடொன்று பின்னியவை என்பது அவர் கொள்கை. காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவை மட்டும் மன்றம் ஒருமனதாக நீக்கியது. கோபாலனோ சிறையிலேயே இருந்தார். 1951இல்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

மறு ஆண்டே கண்ணூர் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அதன்பின் ஏறத்தாழத் தம் வாழ்நாள் முழுதும் அவர் மக்களவை உறுப்பினராகவே விளங்கினார். ஆயினும் அவர் மனம் தில்லியில் தங்கவில்லை. வேலையிழந்த காப்பிக்கடைத் தொழிலாளர்கள் தாமே முதலாளிகளாகக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க அவர் துணை நின்றார். இன்று கேரள நகரங்களில் நாம் காணும் இந்தியன் காப்பி ஹவுஸ் அம்முயற்சியின் கனி.

1961இல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த உழவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கொட்டும் மழையில், குமுளிக்கு அருகே அமராவதியில் அவர்கள் கொண்டுபோய் விடப்பட்டனர். காடு திருத்திப் பயிரிட்டவர்கள் ஒரே நாளில் ஒண்ட இடமின்றி நின்றனர். அவர்களுக்கு மாற்று வழி செய்யுமாறு கோரிக் கோபாலன் அங்கேயே உண்ணாநோன்பு மேற்கொண்டார். கட்சியால் முற்றும் மாறுபட்டவரான பாதிரியார் வடக்கன் அவர் பக்கம் வந்து நின்றார். நாட்கள் கடந்தன, நாடெங்கும் கவலை பரவிற்று. அரசு மறுவாழ்வுக்கு இசைந்த பின்னரே நோன்பு முடிந்தது. அணை நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் பொதுநலத்தின் பெயரால் ஏழையின் கூரையைப் பிரிப்பவர், அவனுக்கு வேறொரு கூரை காட்டக் கடமைப்பட்டவர். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1964ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அவர் மீண்டும் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். 1971இல் பாலக்காட்டுத் தொகுதி அவரைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை பிறந்தது. செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். அடுத்த திங்கள் கூடிய மக்களவையில், நோயுற்ற முதுமையிலும் கோபாலன் எழுந்து நின்று அந்நடவடிக்கையை எதிர்த்துப் பேசினார். அவையில் பல இருக்கைகள் வெறுமையாய் இருந்த நாள் அது. 1976 ஏப்ரலில், நெருக்கடிக் காலத்தில் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவால் விடுதலை கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார்.

1977 மார்ச்சு 21இல் நெருக்கடி நிலை நீங்கிற்று. மறுநாள், மார்ச்சு 22இல், கோபாலன் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் தொடுத்த கேள்விக்கு மறுமொழி அவர் மறைந்த பின்னரே வந்தது. 1978 ஜனவரி 25ஆம் நாள் மேனகா காந்தி வழக்கில், உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அறுதியிட்டது. தனித்து நின்ற பசல் அலியின் கருத்தே இறுதியில் வென்றது. அவ்வாண்டே நிறைவேறிய 44ஆம் திருத்தத்தால், நெருக்கடியிலும் 21ஆம் பிரிவின் பாதுகாப்பை நிறுத்திவைக்க இயலாதாயிற்று. ஆயினும் தடுப்புக்காவலுக்கு இடந்தரும் 22ஆம் பிரிவு இன்றும் அரசமைப்பில் உள்ளது.

குடியாட்சியில் உரிமை ஒரு நாளில் களவு போவதில்லை. அயலான் ஒருவனிடமிருந்து முதலில் அது பறிக்கப்படும். அவன் நம் மொழியினன் அல்லன், நம் கட்சியினன் அல்லன் என்று நாம் வாளா இருப்போமாயின், பின்னர் நம் வாயிலுக்கு அது வரும்பொழுது கேட்பார் இரார். தோற்ற வழக்கொன்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் நாட்டுக்கே காவலானது. கேட்டவர் கேளாதிருந்தால், அந்த மறுமொழியும் வந்திராது. நம் குழந்தைகளுக்கு இவ்வாண்டு விழாவில் நாம் சொல்லவேண்டிய செய்தி இதுவே.