எரிந்த வீட்டிலிருந்து எழுந்த மெஷின்கள்

நாம கட்டுற புராஜெக்ட் வைவா அன்னைக்கு நின்னு போயிடக் கூடாதுன்னு சாமி கும்பிடுறோம். ஒருத்தர், உடைந்து போகணும் என்பதற்காகவே ஒரு மெஷின் கட்டினார். அவர்தான் ழான் டிங்கெலி.

1925இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க்கில் பிறந்து, பாசல் நகரத்தில் வளர்ந்தவர். சின்னப் பையனாக இருந்தபோதே காட்டு ஓடையில் தண்ணீர்ச் சக்கரங்கள் வைத்து, அவை சுற்றச் சுற்ற டப்பாக்களைத் தட்டி சத்தம் எழுப்புவது போலச் செய்தாராம். பிறகு பழைய இரும்பும் மோட்டாரும்தான் அவருடைய சிற்பத்துக்குக் களிமண்.

1960 மார்ச் மாதம், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டம். சைக்கிள் சக்கரங்கள், பியானோ, குளியல் தொட்டி எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய மெஷின். பெல் லேப்ஸ் இன்ஜினியர் பில்லி க்ளூவர் உதவி செய்தார். அது ஓடிக்கொண்டே தன்னைத்தானே சிதைத்துக்கொண்டது. தீப்பிடித்ததும் தீயணைப்புக்காரர் வந்து அணைத்தார். மொத்தம் 27 நிமிஷம்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. 1986 ஆகஸ்டில், நெய்ரூ கிராமத்தில் அவருடைய ஸ்டுடியோவுக்குப் பக்கத்துப் பண்ணை வீடு இடி விழுந்து எரிந்துபோனது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் இதய ஆபரேஷனில் சாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். சாம்பலில் கிடந்த கருகிய மரம், பண்ணைக் கருவிகள், விலங்குகளின் எலும்புகளைப் பொறுக்கினார். அதில் முறுக்கிப்போன ஒரு மக்காச்சோள அறுவடை மெஷின். அதன் கம்பெனிப் பெயர் மெங்கலே. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளை வைத்துக் கொடூர ஆராய்ச்சி செய்த டாக்டர் ஜோசப் மெங்கலேயின் குடும்பக் கம்பெனி!

தன் சாவு பயமும், அவர் பதின்வயதில் எல்லைக்கு அப்பால் நடந்த போரும் ஒரே இரும்பில் வந்து நின்றன. அதிலிருந்து ‘மெங்கலே மரண நடனம்’ பிறந்தது. பாசலில் கொள்ளைநோய்க் காலத்தில் கல்லறைச் சுவரில் வரைந்திருந்த மரண நடன ஓவியம் 1805இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த நடனத்தைத்தான் இவர் மோட்டார் வைத்து ஆடவிட்டார். மெஷின்கள் மெதுவா முனகும், கிறீச்சிடும். சுவரில் நிழல்கள் அசையும்.

1991இல் டிங்கெலி இறந்தார். 1996இல் பாசலில் அவர் பெயரிலேயே திறந்த மியூசியத்தில் அந்த மெஷின்கள் இருக்கின்றன.

ஃப்ரிக்ஷனைக் குறைக்கத்தான் நாலு வருஷமா படிச்சோம். அவர் அந்தக் கிறீச் சத்தத்துக்கு எண்ணெய் விடாமல் அப்படியே விட்டார். சில விஷயங்கள் சத்தம் போட்டால்தான் மறக்காம இருப்போம் போல.